விட்டுப்போன எட்டு எண்ணிக்கை

நாஷ்வில்
8 ஜனவரி 2023

அன்புள்ள நெட்ரா,

மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். மூன்று முறையும் ‘ஹலோ’ வரை நன்றாகத்தான் போயிற்று. கைபேசிக்கு உங்கள் ஊரில் வழியில்லை. வானத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய ரேடியோ தொலைநோக்கித் தட்டுக்கு நம் பேச்சு இடைஞ்சல். ஆகவே கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம், அதற்கு இரண்டு கை வேண்டும்.

நான் சலவைக்கடைக்குப் பின்னால் உள்ள அதே அறையில்தான் இருக்கிறேன். பகலில் பார்சல் வண்டி ஓட்டுகிறேன். மாலையில் கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் மைக்கை வைத்துப் பாடுகிறேன். துணி உலர்த்தும் இயந்திரங்கள் நின்றால்தான் பதிவு. அவை நிற்பதே இல்லை என்பதால் என் பாட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு மெல்லிய ஊதக்காற்று வீசும். கேட்டவர்கள் அதை மலைக்காற்று என்று பாராட்டியிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய ரெக்கார்டர் ஒன்று அகப்பட்டது. அதில் தீயணைப்புக் கூடத்தில் நான்கு ஜோடிகளின் சதுர ஆட்டத்துக்கு, அடுத்து என்ன செய்வது என்று கூவி நீ ஆட்டம் சொன்ன நாற்பது விநாடி இருக்கிறது. உன் குரல், பதினாறு பூட்ஸ் பலகையில் விழும் சத்தம், பின்னால் காப்பி தீர்ந்ததற்காக ஹோபர்ட் டில்லி கத்துவது. அதை வைத்து ஒரு பாட்டுச் செய்திருக்கிறேன். ‘அடுத்த கை’ என்று பெயர்.

முதலில் உன் குரலை ஹிப்-ஹாப் வேகத்துக்கு இழுத்துப் பார்த்தேன். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவள் போல இருந்தாய். மூன்று வாரம் கழித்துத்தான் புத்தி வந்தது: குரலை அதன் வேகத்திலேயே விட்டுவிட்டுத் தாளத்தை உன்னிடம் வரவைத்தேன். அடி எல்லாம் அந்தப் பலகைத் தரைதான். வேறு மேளமே இல்லை. மேலே என் பாஞ்சோவின் தந்திகள், நடுவில் ராப் பாணியில் என் பேச்சு. நீ வேகமாகச் சொல்கிறாய், நான் நிதானமாகச் சொல்கிறேன், கீழே தரை ஒன்றே. கன்ட்ரி என்னும் கிராமத்து இசைக்கும் ஹிப்-ஹாப்புக்கும் நடுவே பாலம் கட்டுகிறேன் என்று பத்து வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஆறே அங்கே இல்லை என்பது உன் குரலைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

சி.டி.யும் ஒரு சம்மதத் தாளும் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து. நீ போடாமல் இந்தப் பாட்டு வெளியே வராது. ‘யார் கேட்கப்போகிறார்கள்’ என்று இங்கே சொல்கிறார்கள். நான் கேட்கிறேன்.

என்றும்,
கார்டெல்


ஸ்டோனி ரன், மேற்கு வர்ஜீனியா
19 ஜனவரி

கார்டெல்,

கடிதம் கிடைத்தது. பனியில் மூன்று நாள் தபால் வரவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸையும் நான் வெளியே எடுக்கவில்லை. நலமாக இருக்கிறேன். உன் அலமாரியும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பெருக்கல் குறி போட்ட தாள் என்றதும் நினைவு வந்தது. நானும் உனக்கு ஒன்று அனுப்பியிருந்தேன். மஞ்சள் உறை, வக்கீலிடமிருந்து. நாம் பிரிவதற்கானது. ஐந்து பக்கம். ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று பதில் போட்டாய். அதற்குப் பிறகு இருபது மாதம் ஆயிற்று. என் பஸ்ஸில் வரும் மூன்றாம் வகுப்புக்காரி இதைவிடப் பெரிய புத்தகத்தை ஒரு வாரத்தில் முடிக்கிறாள்.

பாட்டைக் கேட்டேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸில், சத்தத்தைக் கூட்டி வைத்து. முதல் அடி விழுந்ததும் கண்ணாடிகள் அதிர்ந்தன. காப்பி மேசைக்குப் பக்கத்தில் ஆணி தளர்ந்த பலகை ஒன்று உண்டே, அதன் முனகல் தனியாகக் கேட்டது. நன்றாக இருக்கிறது. உன் பேச்சும் முன்போல் உன்னைப் பற்றியே இல்லை.

ஆனால் என் குரலில் எட்டு எண்ணிக்கையை, எட்டு அடி எடுத்துவைக்கும் நேரத்தை, வெட்டியிருக்கிறாய். நான் சொன்னது இது:

இடக்கை குடு, இடத்த விடு,
எதுக்க வர்ற கையத் தொடு,
தொட்ட கைய விட்டுப்புட்டு
அடுத்த கைக்கு ஓட்டம் எடு.

இது வரைக்கும் இருக்கிறது. இதற்கப்புறம் இரண்டு வரி உண்டு:

ஓடினது போதும், ஒன் ஆளப் புடி,
கெளம்புன எடத்துல கொண்டாந்து விடு!

இது இல்லை. அந்த இடத்தில் நீ பேச ஆரம்பித்துவிடுகிறாய். எட்டுப் பேரைக் கிளப்பிவிட்டு வீடு சேர்க்காமல் விட்டிருக்கிறாய்.

கையெழுத்துப் போடவில்லை.

நெட்ரா


நாஷ்வில்
27 ஜனவரி

அன்புள்ள நெட்ரா,

அந்த எட்டு எண்ணிக்கையைத் தெரிந்துதான் வெட்டினேன். ஆட்டத்தின் ஒரு சுற்று அறுபத்துநாலு எண்ணிக்கை என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குள் உன் குரலும் வேண்டும், என் வரிகளும் வேண்டும். ஒன்று கூடினாலும் கால் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இடம் பற்றவில்லை.

அதோடு, இதைக் கேட்கப்போகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பவர்கள். எழுந்து ஆடமாட்டார்கள். போன வாரம் இங்கே ஒரு மதுக்கடையில் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் நின்ற இடத்திலேயே குதித்தார்கள். யாரும் யாரையும் தொலைக்கவில்லை.

ஒரு பாட்டுக் கம்பெனிக்கும் கொண்டுபோனேன். இரண்டாம் மாடி கன்ட்ரி, மூன்றாம் மாடி ஹிப்-ஹாப். இரண்டாம் மாடியில் என் கறுப்பு முகத்தைப் பார்த்ததும் மூன்றாம் மாடிக்கு வழி சொன்னார்கள். மூன்றாம் மாடியில் பாஞ்சோவைப் பார்த்ததும் இரண்டாம் மாடிக்கு வழி சொன்னார்கள். பாட்டு அருமை என்பதிலும் அது அடுத்த மாடிக்குச் சொந்தம் என்பதிலும் இரண்டு மாடிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கடைசியில் மாடிப்படியில் ட்ரென்ட் என்பவர் அகப்பட்டார். விலைச்சீட்டு இப்போதுதான் கழற்றிய கௌபாய் தொப்பி போட்டிருந்தார்.

“அண்ணே, பாட்டு தீ! சத்தியமாச் சொல்றேன், தீ!” என்றார். “அந்த அக்கா கத்துறத மட்டும் நாலு செகண்டா கொறச்சிரலாம். மீதிய நம்ம பையன் ஒருத்தன் அதே மாதிரி சொல்லிருவான்.”

“அவன் எந்த ஊரு?” என்று கேட்டேன்.

“எந்த ஊரா இருந்தா என்னண்ணே, தொப்பி நாம குடுப்போம்ல?”

மார்ச் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். நீ கையெழுத்துப் போட்டால் எனக்கு ட்ரென்ட் வேண்டாம். நானே வெளியிடுவேன்.

மஞ்சள் உறையில் நான்காம் பக்கம் வந்துவிட்டேன். நடை கொஞ்சம் வறட்சி.

கார்டெல்


ஸ்டோனி ரன்
13 பிப்ரவரி

கார்டெல்,

ஆடமாட்டார்கள் என்கிறாய். சனிக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் உன் சி.டி.யைப் போட்டு நான்கு ஜோடிகளை நிறுத்தினேன். நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டிக்குள் இருக்கும் நானே சொல்லட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் சுற்றில் ஆண்கள் எல்லோரும் கிளம்பினார்கள். கை மாற்றினார்கள், அடுத்த கைக்கு ஓடினார்கள். அங்கே நீ பேச ஆரம்பித்தாய். எல்லோரும் பிடித்த கையோடு நின்றார்கள். ஹோபர்ட் கையில் எமரி கெல்லிசனின் மனைவி. எமரி கையில் ஹோபர்ட்டின் மனைவி வில்மா. வேலித் தகராறில் ஹோபர்ட்டும் எமரியும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். நம் ஊரில் பெட்டி சொன்னாலும் ஆட்டம் சொன்ன பேச்சைத் தட்டமாட்டார்கள். அதனால் ஒருவரும் கையை விடவில்லை.

“அடுத்து என்னப்பா?” என்று வில்மா கேட்டாள்.

“சொல்லலியே இன்னும்.” இது எமரி.

“சொல்லலேன்னா கைய விட வேண்டியதுதான?” என்றார் ஹோபர்ட், கூரையைப் பார்த்து. எமரியிடம் பேசுவதில்லை அல்லவா?

“விடச் சொல்லலியே,” என்றார் எமரி, அவரும் கூரையைப் பார்த்து.

“யோவ், ஒன்பது வருசமா என் வேலியத்தான் புடிச்சுக்கிட்டிருந்த. இப்ப இதுவுமா?”

“ஒன் வேலியா? மொதல்ல அது யாரு வேலின்னு கேளுய்யா!”

“அதான் கேக்குறேன்ல, சொல்லுய்யா!”

இப்படித்தான் அவர்கள் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். அதற்கு உனக்கு நன்றி சொல்லலாம். ஆனால் பாட்டு முடிந்து இரண்டு நிமிஷம் வரை எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள். நான்தான் எழுந்துபோய் மீதி இரண்டு வரியைச் சொல்லி அவரவர் இடத்துக்கு அனுப்பினேன்.

இருபத்திரண்டு வருஷமாக ஆட்டம் சொல்கிறேன். கை கொடு என்பேன், கையை விடு என்பேன். விட்ட பிறகு எந்தக் கையைப் பிடிப்பது என்று சொல்லாமல் யாரையும் விடச் சொன்னதில்லை. என் குரலை வைத்து நீ அதைச் செய்திருக்கிறாய். இது இடம் பற்றாத விஷயம் இல்லை, கார்டெல்.

நெட்ரா


நாஷ்வில்
26 பிப்ரவரி

அன்புள்ள நெட்ரா,

உன் கடிதத்தைப் பார்சல் வண்டியிலேயே இரண்டு நாள் வைத்திருந்தேன். ஓரிடத்தில் வண்டியை நிறுத்திப் படித்து, அந்த வீட்டுப் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

நீ சொன்னது சரி. சரி என்று எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், அதற்குள் சரியாக்கிவிட முடியுமா என்று பார்த்ததுதான். ஐந்தாம் பிரதி: எல்லாவற்றையும் கொஞ்சம் வேகமாக்கினேன். ஹோபர்ட் வயதுக்காரர்களை ஆம்புலன்ஸில்தான் வீடு சேர்க்க வேண்டும். ஆறாம் பிரதி: என் பேச்சையும் உன் குரலையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டேன். அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். நாம் ஒன்பது வருஷம் ஒரே சமையலறையில் இருந்திருக்கிறோம். ஏழாம் பிரதி: என் ரெக்கார்டரில் அந்த இரண்டு வரி தெளிவாக இல்லை, மேலே ஹோபர்ட்டின் காப்பிதான் கேட்கிறது. அதனால் ஆட்டம் சொல்லும் கென்டக்கிக்காரி ஒருத்தியிடம் கேட்டு வாங்கி ஒட்டினேன். நல்ல குரல்தான். ஆனால் உன் அடுப்பில் வேறொருத்தி சமைக்கிற மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன்.

ட்ரென்ட்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

“அண்ணே, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“ஆமா.”

“எட்டு எண்ணிக்கைக்காகவா? எவன்ணே எண்ணப் போறான்?”

“எட்டுப் பேரு எண்ணுவாங்க,” என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தொப்பியைக் கழற்றவில்லை, கழற்றத் தெரியாதோ என்னவோ.

எட்டாம் பிரதி தொடங்கிவிட்டேன். இது நாலாவது மாதம். சரியாக வரும்வரை விடுவதாக இல்லை. எனக்கு அந்த இரண்டு வரி உன் குரலில் வேண்டும். சம்மதம் கேட்கவில்லை, குரல் மட்டும்.

கார்டெல்


ஸ்டோனி ரன்
8 மார்ச்

கார்டெல்,

இத்துடன் கேசட். வேறு இடத்தில் சொன்னால் ஒட்டாது என்று கூடத்திலேயே சொன்னேன். தரைச் சத்தமும் வேண்டும் என்பதால் எட்டுப் பேரையும் வரவழைத்தேன், அதே பூட்ஸோடு. எமரி மட்டும் புது பூட்ஸ் வாங்கியிருந்தார். வீட்டுக்குப் போய்ப் பழையதை மாட்டிவரச் சொன்னேன்.

“ஒரு பாட்டுக்கா?” என்றார்.

“போய்ட்டு வாய்யா, நெட்ரா சொல்றால்ல,” என்று ஹோபர்ட்டே அவரைத் தன் வண்டியில் கூட்டிப்போனார். போகும்போதும் வரும்போதும் வேலியைப் பற்றித்தான் பேச்சாம்.

ஆறு முறை சொன்னேன். நாலாவது நன்றாக இருக்கும். ஹோபர்ட்டுக்கு முன்கூட்டியே காப்பி கொடுத்து உட்காரவைத்துவிட்டேன்.

குரல் கொடுத்தது சம்மதம் இல்லை. ஏப்ரல் 22, ஊரில் வருஷாவருஷம் வரும் காட்டுப்பூண்டு விருந்து. அதற்கு முந்தின சனிக்கிழமை உன் எட்டாம் பிரதியை ஆடிப் பார்ப்போம். எட்டுப் பேரும் வீடு சேர்ந்தால் பார்க்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும்; கடிதத்தில் சொல்வது சுலபமாகத்தான் இருக்கிறது. நீ என்னைக் கேட்டாய், பிரிந்தபோது, ‘நான் என்ன செய்தேன்’ என்று. நீ எதுவும் செய்யவில்லை. ஆட்டம் சொல்கிறவளுக்கு ஆட முடியாது. மாலை முழுவதும் மற்றவர்களை ஜோடி சேர்த்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் வரும் வால்ட்ஸுக்கு, இருவர் அணைத்துக்கொண்டு மெல்ல ஆடுவதற்கு மட்டும் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். கூட வந்தவரோடு ஆட வேண்டும் என்பது வழக்கம். ஒன்பது வருஷம் அந்த வால்ட்ஸ் தொடங்கும்போது நீ வெளியே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாய். அடுத்த ஊருக்கு, அடுத்த பாட்டுக்கு. நான் மேடையில் மைக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருப்பேன். அதைச் சுருட்ட மூன்று நிமிஷம் ஆகாது.

நெட்ரா


நாஷ்வில்
24 மார்ச்

அன்புள்ள நெட்ரா,

எட்டாம் பிரதி இத்துடன்.

நாலாவதைத்தான் எடுத்தேன். சொன்னபடியே நன்றாக இருந்தது. அதை வைக்க எட்டு எண்ணிக்கை இடம் வேண்டும். பாஞ்சோவில் எடுக்க முடியவில்லை, தரையில் எடுக்க முடியவில்லை. மிச்சம் இருந்தது என் வரிகள். எட்டு எண்ணிக்கை என்றால் என் கணக்கில் இரண்டு வரி. பன்னிரண்டு வரியில் எந்த இரண்டை எடுத்தாலும் மற்றது சரிந்தது. கடைசி இரண்டை எடுத்தால் மட்டும் நின்றது.

அவை இந்தப் பாட்டில் நல்ல வரிகள். மறைக்காமல் சொன்னால், இதுவரை நான் எழுதியவற்றில் நல்லவை அவைதான். உன்னைப் பற்றியவை. பஸ்ஸில் நீ கேட்டபோது அவைதான் கடைசியில் வந்தன. ‘முன்போல் உன்னைப் பற்றியே இல்லை’ என்று எழுதியிருந்தாயே, அந்த இடம்தான். உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டு உன்னைப் பேசவிடாமல் இருந்திருக்கிறேன். எடுத்துவிட்டேன். ஒன்றரை நாள் அலமாரிக்குள் போகவில்லை. பிறகு போய்ப் போட்டுக் கேட்டேன். நான் நிறுத்திய இடத்தில் நீ வருகிறாய். வீடு சேர்க்கிறாய். எனக்கே எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது, கோட்டு இடித்தது.

வால்ட்ஸைப் பற்றி எழுதியதற்குப் பதில் எழுதத் தெரியவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றும் பாட்டு வரி மாதிரி வந்தன. அதனால் விட்டுவிட்டேன்.

மஞ்சள் உறையும் இத்துடன் இருக்கிறது. ஐந்தாம் பக்கம் முடித்தாயிற்று. உன் கையை நான் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. அடுத்து என்ன என்று சொல்லாமல் இருபத்திரண்டு மாதம் நிறுத்திவைத்திருக்கிறேன். நீ பெட்டிக்கே மன்னிப்புத் தராதவள். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பாட்டுக்கும் இதற்கும் முடிச்சு இல்லை. அதில் நீ போடாவிட்டாலும் இதில் நான் போட்டது போட்டதுதான்.

கார்டெல்


ஸ்டோனி ரன்
17 ஏப்ரல்

அன்புள்ள கார்டெல்,

சனிக்கிழமை ஆடிப் பார்த்தோம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எட்டுப் பேரும் கிளம்பினார்கள், கை மாறினார்கள், ஓடினார்கள். நீ பேசினாய். நிறுத்தினாய். பெட்டிக்குள்ளிருந்து நான் சொன்னேன். எல்லோரும் அவரவர் ஆளைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய இடத்தில் வந்து நின்றார்கள். ஒரு எண்ணிக்கை முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

“ஏ நெட்ரா, இன்னொரு தடவ போடு!” என்றாள் வில்மா.

“அந்தப் பேசுறவன் ஒன் வீட்டுக்காரன்தான?” என்று எமரி கேட்டார். “முன்னெல்லாம் நிறுத்தவே மாட்டானே?”

“இப்பக் கத்துக்கிட்டான் போல,” என்றார் ஹோபர்ட்.

ஐந்து தடவை போட்டோம். தளர்ந்த பலகையை ஆணி அடித்துவிடலாம் என்று ஹோபர்ட் சொன்னார். கூடாது, அது பாட்டில் இருக்கிறது என்று தடுத்துவிட்டேன்.

உன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில்.

உன்னுடையதையும் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில் இரண்டு கோடு இருக்கிறது. மேல் கோடு உனக்கு, கீழ்க்கோடு சாட்சிக்கு. நீ கீழ்க்கோட்டில் போட்டிருக்கிறாய். இருபத்திரண்டு மாதம் படித்த பிறகு. இந்தத் தாளின்படி நம் பிரிவுக்கு நீ சாட்சி. பிரிகிறவன் வேறு யாரோ. இது செல்லாது. வக்கீலிடம் புதுத் தாள் கேட்க வேண்டும். கேட்டால் ஒரு நாளில் தந்துவிடுவார். நான் இன்னும் கேட்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு விருந்து, ஏழு மணிக்கு ஆட்டம். உன் பாட்டு மூன்றாவது. பாஞ்சோவைக் கொண்டுவா, பெட்டிக்குப் பதிலாக நாம் இருவருமே சொல்லிவிடலாம். முடிந்ததும் வண்டியில் சாமான் ஏற்றுவதைத் தானும் எமரியும் பார்த்துக்கொள்வதாக ஹோபர்ட் சொல்லியிருக்கிறார். மைக் கம்பியை வில்மா சுருட்டுவாள்.

வெட்டிய இரண்டு வரியை எழுதி அனுப்பாதே. அவற்றை நான் பழைய சி.டி.யில் தேடிப் போட்டுக் கேட்கப் போவதும் இல்லை. வால்ட்ஸ் மூன்று நிமிஷம். இரண்டு வரியைக் காதில் சொல்லத் தாராளம்.

காட்டுப்பூண்டை நீயும் நிறையச் சாப்பிட்டுவிடு. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் அந்த வாடைக்கு அவ்வளவு கிட்டத்தில் நிற்க முடியாது.

நெட்ரா